மலைச்சரிவுக் குவியலுக்கு ஒளிர்வு முறையில் வயது கணித்தால் அது எதன் வயது?

2023 பிப்ரவரி 4: வாசகர் ஒருவரின் கேள்வி

நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்டிருக்கும் உத்தராகண்டின் ஜோஷிமத் நகரம் பழைய நிலச்சரிவுக் குவியலின் மீது அமர்ந்திருக்கிறது என்று ஒரு மாதமாகச் செய்திகளில் படித்துவருகிறேன். இப்படிப்பட்ட குவியலுக்குள் இருந்து மணல் எடுத்து, ஒளிர்வு முறையில் அளந்து, 18,000 ஆண்டு என்று விடை வந்தால், மலை சரிந்தது 18,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று சொல்லிவிடலாம் அல்லவா? அவ்வளவு காலம் அசையாமல் கிடந்த குவியல் இனியும் அசையாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

2023 பிப்ரவரி 5

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமத் துகள்கள் மண்ணில் புதைந்திருக்கும்போது, சுற்றிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் அவற்றை ஓயாமல் தாக்குகின்றன. அதனால் இடம்பெயரும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி படிகக் கட்டமைப்பின் குறைகளில் சிக்கித் தங்கிவிடுகிறது. காலம் செல்லச் செல்ல இப்படிச் சிக்கியவை பெருகுகின்றன. நல்ல வெயிலில் சில நிமிடங்கள் கிடந்தாலே குவார்ட்ஸ் துகளில் அவை பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆய்வகத்தில் நீல ஒளியைப் பாய்ச்சி, துகள் உமிழும் புறஊதா ஒளியை அளக்கிறோம். பிறகு அதே துகளுக்கு அளவு தெரிந்த கதிர்வீச்சைக் கொடுத்து மறுபடி அளந்து ஒப்பிட்டால், மண்ணுக்குள் இருந்த காலத்தில் அது மொத்தம் எத்தனை கிரே (உள்வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சை வாங்கியது என்பது தெரியும். அந்த மொத்தத்தை, அவ்விடத்தில் ஆயிரம் ஆண்டுக்குக் கிடைக்கும் அளவால் வகுத்தால் வயது வந்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே கிடைக்கும் இடத்தில் 54 கிரே சேர்ந்திருந்தால் நீங்கள் சொன்ன 18,000 ஆண்டு.

அந்த 18,000 என்பது, அளக்கப்பட்ட துகள்கள் கடைசியாக ஒளியைக் கண்டு எவ்வளவு காலமாயிற்று என்பதன் கணக்கு. மலை சரிந்த பொழுது இந்தக் கணக்கில் நேரடியாக எங்கும் நுழைவதில்லை. பாலைவன மணல்மேட்டில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. காற்றில் பறந்துவரும் துகள் வெயிலில் முழுக்க நனைந்த பிறகே புதைகிறது. 1982-இல் அசோக் சிங்வியும் உடன் ஆய்வாளர்களும் தார்ப் பாலைவன மணல்மேடுகளுக்கு வெப்ப ஒளிர்வு முறையில் வயது கணித்து நேச்சர் இதழில் வெளியிட முடிந்ததற்கு அந்த வெயில்தான் அடிப்படை. மலைச்சரிவிலோ ஒரு மலைமுகமே சில நிமிடங்களில் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது. வாய் கட்டிய மூட்டை உருண்டு வருவதுபோல் வரும் அந்தப் பொதியின் உள்ளே இருக்கும் துகளுக்கு வெளிச்சமே படுவதில்லை. அது சரிவு நடந்த இரவிலா பகலிலா என்பதுகூட உள்ளே இருக்கும் துகளைப் பொறுத்தவரை பொருட்டில்லை.

2023 பிப்ரவரி 6

இரண்டாவது கேள்விக்கு விடை, எடுத்துக்கொள்ள முடியாது என்பதே. ஜோஷிமத் பழைய சரிவுக் குவியலின் மீது நிற்கிறது என்பதை அர்னால்ட் ஹைம், அகஸ்டோ கான்சர் ஆகிய சுவிஸ் நிலவியலாளர்கள் 1939-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். 1976-இல் அரசு அமைத்த மிஸ்ரா குழு அதையே சொல்லி, சரிவில் உள்ள பெரும்பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றக் கூடாது, பெரிய கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று எச்சரித்தது. அடிவாரத்தை ஆறு அரிப்பதும், கழிவுநீர் உள்ளே இறங்குவதும், மேலே ஏறும் கட்டடச் சுமையும் குவியல் எவ்வளவு பழையது என்று பார்த்து வேலை செய்வதில்லை. வயதைப் பாதுகாப்புச் சான்றுபோல் காட்டி நகரம் கட்டுகிற வழக்கம் எனக்கு உண்மையாகவே கவலையளிக்கிறது. இந்த இழையில் தொடர்ந்து எழுதுவதற்கு அதுவே காரணம்.

2023 பிப்ரவரி 12

இன்னொருவர் கூர்மையாகக் கேட்டிருக்கிறார்: உள்ளே இருக்கும் துகள் ஒளியையே காணவில்லை என்றால், அது பாறையாக இருந்த கோடிக்கணக்கான ஆண்டுகளின் கதிர்வீச்சால் நிரம்பி வழிய வேண்டுமே, 18,000 என்ற சிறிய எண் எப்படி வரும்?

குவியலில் இருப்பது உடைந்த பாறை மட்டும் இல்லை என்பதால் வருகிறது. சரிவு கீழே இறங்கும் வழியில் மலைச்சரிவின் மேல்மண்ணை வாரிக்கொள்கிறது. அந்த மண்ணின் மேற்பரப்பில் கிடந்த துகள்கள் நேற்றுவரை வெயில் கண்டவை, ஒரு முழம் ஆழத்தில் கிடந்தவை சில ஆயிரம் ஆண்டுகளாக இருளில் இருந்தவை. பள்ளத்தாக்கின் தரையில் இருந்த பழைய ஆற்று மணலையும் அது உழுது தன்னுள் கலந்துகொள்கிறது. பாறையிலிருந்து அப்போதுதான் நொறுங்கிய துகள்களோ நிரம்பியே இருக்கின்றன. ஒரு சிறு வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கான துகள்களை ஒட்டி அளக்கும்போது இத்தனை வரலாறுகளின் சராசரி ஒற்றை எண்ணாக வெளிவருகிறது. அந்த எண் இவற்றில் எந்த நிகழ்ச்சிக்கும் உரியதாக இல்லாமல் போகக்கூடும். 18,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த மலையில் எதுவுமே நடக்காமல்கூட இருந்திருக்கலாம்.

இதற்காகவே துகள்களைத் தனித்தனியே அளக்கும் முறை வந்தது. 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள நூறு குழிகள் கொண்ட தகட்டில் குழிக்கு ஒரு துகளாக இட்டு, ஒவ்வொன்றையும் பச்சை லேசரால் தொட்டு அளக்கிறார்கள். கிடைக்கும் அளவுகள் பரந்து சிதறிக் கிடந்தால், அவற்றில் மிகக் குறைந்த அளவு வாங்கிய கூட்டமே கடைசி நிகழ்ச்சியில் ஒளி கண்ட கூட்டம் என்று கொண்டு வயது கணிப்பது குறைந்தபட்ச வயது முறை. இதைக் கால்பிரெய்த்தும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் முறைப்படுத்தினார்கள்.

ஆனால் இமயமலைக் குவார்ட்ஸ் இங்கே கையை விரித்துவிடுகிறது. தாய்ப்பாறையிலிருந்து புதிதாகப் பிரிந்த குவார்ட்ஸ் மிக மங்கலாகவே ஒளிரும். புதைவதும் வெயில் காண்பதுமாகப் பல சுற்றுகள் உலவிய பிறகே அதன் ஒளிர்திறன் கூடும். ஆஸ்திரேலியப் பாலைவனத்து மணல் பளிச்சென்று ஒளிர்வதும் நேற்று மலையிலிருந்து உதிர்ந்தது ஏறக்குறைய ஊமையாக இருப்பதும் இதனால்தான். ஆய்வகத்தின் சிவப்பு விளக்கடியில் அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நல்ல துகளாக இருந்தால் ஒளியளவு உயரத்தில் தொடங்கி முதல் ஓரிரு நொடிகளில் செங்குத்தாக இறங்கும் வளைகோடு தெரியும்; ஜோஷிமத்தை ஒட்டிய அலக்நந்தா பள்ளத்தாக்கின் துகள்களை இட்டால் தகட்டுக்குத் தகடு பின்னணி இரைச்சலோடு ஒட்டிய தட்டையான கோடே ஓடிக்கொண்டிருக்கும். நூறு குழிகளில் விரல்விட்டு எண்ணும் அளவு துகள்கள் மட்டுமே பேசுகின்றன என்ற நிலையில், எது குறைந்தபட்சக் கூட்டம் என்று தீர்மானிப்பது எளிதில்லை.

2023 பிப்ரவரி 13

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். குறைந்தபட்ச வயது எப்போதும் சரிவின் வயதுதான் என்றும் நம்பிவிடக் கூடாது. குவியலுக்குள் பாறைகளுக்கிடையே பெரிய வெற்றிடங்கள் உண்டு. மழைநீர் மேல்மண்ணின் நுண்துகள்களை அவற்றின் வழியே கீழே இறக்கிவிடும், வேர்களும் மண்ணுயிர்களும் அதே வேலையைச் செய்யும். அப்படி இறங்கிய துகள் சரிவுக்குப் பின்பு வெயில் கண்டது. ஆகவே சராசரி வயது உண்மையைவிட முதியதாகவும் குறைந்தபட்ச வயது உண்மையைவிட இளையதாகவும் ஒரே மாதிரியிலிருந்தே வரலாம்.

2023 மார்ச் 3

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் இந்த முறையே பயனற்றது என்று ஒருவர் முடிவுகட்டியிருக்கிறார். பயன் உண்டு, மணல் எடுக்கும் குழாயை எங்கே அடிக்கிறோம் என்பதில் அது இருக்கிறது. குவியலின் உடலை விட்டுவிட்டு, குவியலால் உண்டானதையும் குவியலுக்கு அடியில் அகப்பட்டதையும் தேட வேண்டும்.

பெரிய சரிவு ஆற்றை மறித்தால் பின்னால் ஏரி உண்டாகிறது. 2010 ஜனவரி 4-ஆம் நாள் காரகோர மலைத்தொடரின் ஹுன்சா பள்ளத்தாக்கில் அட்டாபாத் சரிவு ஆற்றை அடைத்தது. மே மாத இறுதியில் நீர் அணையின் மேல்வழியே வழியத் தொடங்கியது. ஏரி இன்றும் இருக்கிறது. அதன் தலைமாட்டில் ஆறு கொண்டுவந்து கொட்டும் மணல், ஆழமில்லாத நீரிலும் கரையிலும் பரவி வெயில் காண வாய்ப்புள்ள மணல். பத்தாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அங்கே வந்து, ஏரிப்படிவின் அடித்தட்டில் இருக்கும் கரைமணலை எடுத்து அளந்தால், சரிவின் காலத்துக்கு மிக நெருங்கிய விடை அவருக்குக் கிடைக்கும். அதுபோலவே குவியலுக்கு அடியில் நசுங்காமல் தப்பிய ஆற்று மணல் சரிவுக்கு முந்திய எல்லையையும், குவியலின் தலைமீது காற்று கொண்டுவந்து போர்த்திய நுண்மண் பிந்திய எல்லையையும் தரும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் சரிவு அகப்படுகிறது.

எடுக்கும் முறையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். சாலைக்காக வெட்டப்பட்ட முகத்தில் மணல்திட்டு ஒன்றைக் கண்டால், முதலில் வெயில் பட்ட வெளிப்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஒரு முனையை அடைத்த இரும்புக் குழாயைச் சம்மட்டியால் கிடைமட்டமாக அடித்து இறக்குகிறோம். குழாயில் மணல் இறுக நிரம்பியிருப்பது முக்கியம். இடைவெளி இருந்தால் வண்டியில் குலுங்கி ஓரத்துத் துகள் நடுவுக்கு வந்துவிடும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி, நாடாவால் ஒட்டி, மேல்முனை எது என்று குறித்துவிடுகிறோம். ஆய்வகத்தில் சிவப்பு விளக்கடியில் இரு முனைகளிலும் உள்ள சில சென்டிமீட்டர் மணலைத் தனியே எடுத்து, ஈரத்தையும் கதிரியக்கத்தையும் அளக்க வைத்துக்கொண்டு, இருளிலேயே இருந்த நடுப்பகுதியை மட்டும் வயதுக்குப் பயன்படுத்துகிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணத்தையும், ஹைட்ரஜன் பெராக்சைடு உயிர்மப் பொருளையும் நீக்கும். கடைசியில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஃபெல்ட்ஸ்பாரைக் கரைத்து, குவார்ட்ஸின் வெளித்தோலையும் அரித்தெடுக்கும். மலைத்துகளில் குவார்ட்ஸுக்குள்ளேயே ஃபெல்ட்ஸ்பார் பொதிந்திருக்கும் என்பதால், இதற்குப் பிறகும் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிச் சோதித்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் ஏற்பதில்லை.

2023 மார்ச் 5

ஏரிப்படிவு சரிவின் காலத்தைத் தரும் என்று எழுதியதை இன்னும் இறுக்கிச் சொல்வது நல்லது. கார்வால் பகுதியில் 1893-இல் பிரேஹி கங்கையை மறித்த கோஹ்னா சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அணை உடையும் என்று கணித்து, ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுத்து, மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். 1894 ஆகஸ்ட் இறுதியில் அது உடைந்து கார்வாலின் ஸ்ரீநகரைச் (காஷ்மீரில் உள்ளது அல்ல) சிதைத்தபோதும், திரும்பி அங்கேயே போய்த் தங்கிய ஒரு துறவியின் குடும்பத்தார் ஐவர் தவிர வேறு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஏரி முழுவதும் போய்விடவில்லை. எஞ்சியது வண்டல் நிரம்பிக்கொண்டே இருந்து, 1970 ஜூலை வெள்ளத்தில்தான் ஒழிந்தது. ஆக அந்த ஏரிப்படிவின் மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் இடையில் முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. சில ஏரிகள் பல்லாயிரம் ஆண்டு நின்றவை. எந்தத் தட்டில் எடுத்தது என்று சொல்லாமல் ஏரிப்படிவின் வயதைச் சரிவின் வயதாக எழுதுவது பொருளற்றது.

கலங்கலும் ஒரு தடை. பனியாறு அரைத்த பாறைமாவு கலந்த நீரில், எலக்ட்ரான்களை வெளியேற்றுவதில் வல்ல நீல, புறஊதாக் கதிர்கள் ஆழத்துக்கு இறங்குவதில்லை. ஏரி நடுவின் நுண்களி பார்ப்பதற்குத் தட்டுத்தட்டாக அழகாக இருக்கும். ஆனால் அதன் துகள்கள் மிகச் சிறியவை, தனித்தனியே அளக்க இயலாதவை. ஆகையால் பாதி ஒளி கண்டவை கலந்திருந்தாலும் சராசரியில் மறைந்துவிடும். நான் அந்தக் களியை விட்டுவிட்டுக் கரையோர மணலையே தேடுவேன்.

2023 ஏப்ரல் 18

குவார்ட்ஸ் ஊமையாக இருந்தால் ஃபெல்ட்ஸ்பாரை அளக்கலாமே என்ற கேள்விக்கு: அளக்கிறார்கள். அது பளிச்சென்று ஒளிரும். குவார்ட்ஸ் ஏறக்குறைய 200 கிரேயை நெருங்கும்போதே நிரம்பிவிடுகிறது என்றால், ஃபெல்ட்ஸ்பார் அதைவிடப் பன்மடங்கு தாங்கும். ஆனால் சிக்கிய எலக்ட்ரான்கள் ஒளி படாமலேயே கசிந்துபோகும் குறை அதற்கு உண்டு என்பதை ஆன் விண்டில் 1973-இல் காட்டினார். அதைத் திருத்தாவிட்டால் வயது குறைந்து வரும். உயர்ந்த வெப்பநிலையில் இரண்டாம் முறை அளந்தால் கசிவு மிகவும் குறைகிறது, ஆனால் அந்தச் சமிக்ஞை வெயிலில் வெளியேற நெடுநேரம் பிடிக்கிறது. வெயிலே அரிதான சரிவுக் குவியலில் இது பெரிய இடர்.

இதையே அனுகூலமாக்கவும் முடியும். ஒரே மணலில் விரைவில் வெளியேறும் குவார்ட்ஸ் சமிக்ஞையும் மெதுவாக வெளியேறும் ஃபெல்ட்ஸ்பார் சமிக்ஞையும் ஒரே வயதைச் சொன்னால், அந்த மணல் புதையும் முன் போதுமான வெயில் கண்டது என்று நம்பலாம். எனக்கு ஓர் ஆய்வறிக்கை கிடைத்தால் முதலில் தேடுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

2023 மே 9

சரிவின் உராய்வு வெப்பத்தால் எலக்ட்ரான்கள் வெளியேறாவா என்ற கேள்வி நல்ல கேள்வி. ஆஸ்திரியாவின் கோஃபெல்ஸிலும் நேபாளத்தின் லாங்டாங்கிலும் சரிவுத் தளத்தில் பாறை உருகிக் கண்ணாடியானதே காணப்படுகிறது. கோஃபெல்ஸில் அதைப் பார்த்துவிட்டு விண்கல் விழுந்த இடம் என்றுகூட முன்பு எண்ணினார்கள். ஆனால் அந்த வெப்பம் தளத்தை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டுமே. கோஃபெல்ஸுக்கு ஏறக்குறைய 9,500 ஆண்டு என்ற உறுதியான வயது கிடைத்தது சரிவில் புதைந்த மரத்தால். மரம் கிடைத்தால் மரத்தையே எடுங்கள்.

2023 மே 21

இதுவரை வகுபடும் எண்ணை, அதாவது துகள் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சைப் பற்றியே பேசிவிட்டோம். வகுக்கும் எண்ணும், அதாவது ஆயிரம் ஆண்டுக்குச் சுற்றிலுமிருந்து கிடைக்கும் கதிர்வீச்சும் சரிவுக் குவியலில் தொல்லை தருவதே. பீட்டா கதிர் மண்ணில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரையும், காமா கதிர் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வரையும் வரும். மணல்மேட்டில் அந்தச் சுற்றளவு முழுவதும் ஒரே மணல். சரிவுக் குவியலில் குழாய்க்கு இடப்புறம் பொட்டாசியம் மிகுந்த கிரானைட் பாறை, வலப்புறம் கதிரியக்கம் மிகக் குறைந்த சுண்ணப்பாறை என்று இருக்கும். குழாய்க்குள் வந்த மணலை மட்டும் ஆய்வகத்தில் அளந்து பெறும் எண் அந்தச் சூழலைச் சொல்லாது. குழாய் எடுத்த அதே துளையில் காமா அளவியை இறக்கி அங்கேயே அளப்பதுதான் முறை.

நீரும் உண்டு. துகள்களுக்கிடையே உள்ள நீர் கதிர்வீச்சின் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ஈரம் ஒரு விழுக்காடு கூடினால் வயதும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு கூடும். மே மாதத்தில் காய்ந்து கிடக்கும் வெட்டுமுகத்தில் எடுத்த மணலின் ஈரம், அது ஏரிக்கடியில் ஊறிக்கிடந்த ஆயிரமாயிரம் ஆண்டுகளைக் காட்டாது. வயதோடு வரும் பிழை வரம்பு ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதாக எழுதியிருந்தால், ஈரத்தை எப்படி மதிப்பிட்டார்கள் என்று தேடிப் படிக்க வேண்டும்.

2023 ஜூலை 15

இந்த மாத நேச்சரில் ஜெரோம் லாவேயும் உடன் ஆய்வாளர்களும் அன்னபூர்ணா மலைத்தொகுதியைப் பற்றி எழுதியிருப்பதைப் பலர் இங்கே பகிர்ந்தீர்கள். கி.பி. 1190-ஐ ஒட்டி ஒரு சிகரமே இடிந்து, ஏறக்குறைய 23 கன கிலோமீட்டர் பாறை இறங்கியது என்பது அவர்களின் முடிவு. பொக்காரா பள்ளத்தாக்கை நிரப்பியிருக்கும் சரளைகளில் பெரும்பகுதி இதன் வழிவந்தது. அவர்கள் நம்பியது ரேடியோகார்பனையும் (மரம் போன்ற உயிர்ப்பொருளின் கரிமத்தைக் கொண்டு வயது கணிக்கும் முறை), சுண்ணப்பாறையில் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் குளோரின்-36-ஐயும்.

ஒளிர்வு முறையை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கிறவர்களுக்கு: நேபாளத்தில் 1255-இல் அரசர் அபய மல்லரின் உயிரைக் கொண்ட பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. 1190-க்கும் 1255-க்கும் இடையே 65 ஆண்டு. சரிவு அந்த நிலநடுக்கத்தில் நிகழ்ந்ததா இல்லையா என்று பிரித்தறிய அதைவிடக் குறைந்த பிழை வேண்டும். இமயமலை வெள்ள மணலில், இன்று படிந்ததை எடுத்து அளந்தால்கூடப் பூஜ்யம் வருவதில்லை. சில நூறு ஆண்டுகள், மோசமான மாதிரியில் சில ஆயிரம் ஆண்டுகள் மிச்சம் நிற்கும். 800 ஆண்டுப் பழைய நிகழ்ச்சியில் அந்த மிச்சம் எல்லாவற்றையும் குழப்பிவிடும். அதே மிச்சம் 40,000 ஆண்டுப் படிவில் பெரிதாகத் தெரியாது. மரமே இல்லாத லடாக் பள்ளத்தாக்குகளில், ரேடியோகார்பன் கணிப்பின் 50,000 ஆண்டு எல்லையை நெருங்கும் ஏரிப்படிவுகளுக்கு ஒளிர்வு முறையைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

2023 ஆகஸ்ட் 20

எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது பாறைமுகத்தையே அளக்கும் புதிய வழி. வெயிலில் கிடக்கும் கல்லுக்குள் ஒளி மேற்பரப்பிலிருந்து சிறிது சிறிதாக இறங்கி, நாளடைவில் சில மில்லிமீட்டர், நெடுங்காலத்தில் சென்டிமீட்டர் ஆழம்வரை எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. அந்தக் கல் சரிவில் குப்புற விழுந்து முகம் புதைந்தால், அந்த முகத்தில் மறுபடி எலக்ட்ரான்கள் சேரத் தொடங்கும். வைர முனைத் துளைப்பானால் விரல் பருமனுக்கு ஓர் உருளையைக் குடைந்தெடுத்து, சிவப்பு விளக்கடியில் மில்லிமீட்டர் பருமனுள்ள வில்லைகளாக அறுத்து, ஆழத்துக்கு ஆழம் அளக்கிறார்கள். மேல்வில்லைகள் பல ஒரே தாழ்ந்த அளவைக் காட்டி, பிறகு உள்ளே போகப்போக அளவு ஏறி நிரம்பினால், அந்த முகம் புதையும் முன் நன்றாக வெயில் கண்டது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. மணல்துகளிடம் இந்தச் சான்றைக் கேட்க முடியாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரேட் கேலரி எனப்படும் பாறை ஓவியச் சுவரிலிருந்து உடைந்து விழுந்த பாறையின் புதைந்த முகத்தையும் அதன் அடியில் அகப்பட்ட மணலையும் இப்படி அளந்து, ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பு அது விழுந்தது என்று கண்டார்கள். ஓவியம் அதற்கு முந்தியது என்பதும் அதனால் உறுதியாயிற்று. இமயத்தில் குவார்ட்ஸைட், வெளிறிய கிரானைட் ஆகியவை இதற்கு ஏற்றவை. கருமையான பலகைப் பாறையில் ஒளி நுழைவது அரிது.

2023 செப்டம்பர் 2

மேலே எழுதியவை அனைத்துக்கும் முன்னே நிற்க வேண்டிய ஒன்று: அளக்கும் குவியல் சரிவுக் குவியல்தானா? காரகோரத்தில் பனியாற்று மொரெய்ன் (பனியாறு தள்ளிச் சேர்த்த கற்குவியல்) என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த பல மேடுகள் உண்மையில் பாறைச்சரிவுகள் என்று கென்னத் ஹியூவிட் 1990-களில் காட்டினார். அவற்றின் வயதை வைத்துப் பனிக்காலம் எப்போது முன்னேறியது என்று எழுதப்பட்டவை அப்போதே ஆட்டம் கண்டன. ஒரே வகைப் பாறை மட்டும் இருக்கிறதா, பாறை உடைந்த துண்டுகள் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றனவா, அவற்றுக்கிடையில் இடித்த மாவு இருக்கிறதா என்று ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பார்ப்பது, குழாய் அடிப்பதைவிட முதன்மையான வேலை.

2023 அக்டோபர் 14

பத்து நாள்களுக்கு முன் சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு தீஸ்தா நெடுகிலும் மணலைப் பரப்பியிருக்கிறது. மீட்புப்பணி முடிந்து அங்கே போகும் வாய்ப்புள்ள மாணவர்கள் இந்த இழையைப் படிப்பதாகத் தெரிகிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலைப் பணியின் இயந்திரங்கள் கிளறிவிடும் முன், ஏரிக்கு அருகில் தொடங்கி ஆற்றின் கீழ்ப்போக்கில் இடம்விட்டு இடம், வெள்ளம் விட்டுச்சென்ற மணலைக் குழாயில் எடுத்துவையுங்கள். இரவில், சேற்றோடு, சில மணிநேரத்தில் வந்து படிந்த மணல் அது. அதன் உண்மையான வயது நமக்குத் தெரியும். அதில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் அது குறைகிறது என்று அளந்துவிட்டால், அதே பள்ளத்தாக்கில் வயது தெரியாத பழைய படிவுகளின் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்ல முடியும். வெயில் படாத ஆழத்தில், குறைந்தது முழங்கை ஆழத்தில் எடுங்கள். எடுத்த இடத்தின் மேல்தட்டிலிருந்தும் ஒரு பிடி தனியே கறுப்புப் பையில் வையுங்கள்.

2023 அக்டோபர் 15

கறுப்புப் பை ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். ஈரம் வெளியேறாதபடி உள்பையின் வாயை நாடாவால் ஒட்டிவிட்டு, எடுத்த அன்றே எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.